மழலை இன்னும் வரவில்லையே என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு



தடுப்பூசி நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நர்ஸ் அம்மாவிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி பாலைப் பற்றியும், பேதியைப் பற்றியும், எடையைப் பற்றியும்தான் இருக்கும். ஊசி போட்டு முடித்து, துண்டைச் சுற்றிக் கிளம்பும் நேரத்தில், வாசற்படியில் நின்றுகொண்டு ஒரு தாய் மெதுவாகக் கேட்பார்: "சிஸ்டர், இவனுக்கு ஒன்பது மாசம் ஆகப் போகுது. பக்கத்து லயத்துப் பிள்ளை பா-பா, மா-மாங்குது. இவன் சும்மா சிரிக்கிறான், அவ்வளவுதான். ஏதாச்சும் கோளாறு இருக்குமா?"

"அதெல்லாம் தானா வரும், போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக வந்தும்விடும். வராமல் போகிற சில பிள்ளைகளுக்கோ, நாம் சும்மா காத்திருந்த ஒவ்வொரு மாதமும் நஷ்டம். எந்தத் தாமதத்தைப் பொறுத்துப் பார்க்கலாம், எதை உடனே காட்ட வேண்டும் என்பதைப் பந்தலூர் வட்டாரத் தாய்மார்கள் தெரிந்துகொள்ளவே இந்தப் பிரசுரம்.

பேச்சு எப்போது ஆரம்பிக்கிறது?

முதல் வார்த்தை வருகிற நாளில்தான் பேச்சு ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது வயிற்றுக்குள்ளேயே ஆரம்பமாகிவிடுகிறது. கர்ப்பத்தின் 6 மாதம் முடியும் வாக்கில் சிசுவின் காது வேலை செய்யத் தொடங்குகிறது. தாயின் குரல் அதற்குக் கேட்கிறது. பிறந்த ஓரிரு நாளிலேயே குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்பதை 1980-இல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள். 2009-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சி இதைவிட வேடிக்கையானது. பிரெஞ்சு பேசும் வீட்டில் பிறந்த சிசுவின் அழுகை ஒரு ராகமாகவும், ஜெர்மன் பேசும் வீட்டில் பிறந்த சிசுவின் அழுகை வேறு ராகமாகவும் இருக்கிறதாம். நம்முடைய பிள்ளைகள் தமிழ் ராகத்தில் அழுகிறார்களா என்று யாராவது ஒருநாள் பார்த்துச் சொல்லட்டும்.

ஒன்றரை, இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். அத்துடன் தொண்டையிலிருந்து 'ங்கா', 'ஊங்கு' என்ற சத்தம் வரும். பாட்டிமார் குழந்தையை மடியில் கிடத்தி "ங்கு சொல்லு, ங்கு சொல்லு" என்று கொஞ்சுவது இந்தக் காலத்தில்தான். 4 மாதத்தில் வாய்விட்டுச் சிரிக்கும், கீச்சென்று கத்திப் பார்க்கும், உதட்டால் 'ப்ர்ர்' என்று எச்சில் தெறிக்க விளையாடும். இதெல்லாம் குரலைப் பழக்கும் பயிற்சி.

6 மாதத்துக்கு மேல், 10 மாதத்துக்குள், பெரிய மாற்றம் ஒன்று நடக்கிறது. உதட்டையும் நாக்கையும் மூடித் திறந்து 'பா-பா-பா', 'மா-மா-மா', 'தா-தா-தா' என்று அடுக்கடுக்காகச் சொல்லத் தொடங்கும். இதுதான் சரியான மழலை. இன்னும் இதற்குப் பொருள் கிடையாது. 'மா-மா' என்றதும் தாய்மாமன் மார் தட்டிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை அவரைக் கூப்பிடவில்லை. உதட்டுக்கும் நாக்கு நுனிக்கும் சுலபமாக வருவது ம, ப, த. நம் அம்மா, அப்பா, தாத்தா, மாமா, பாப்பா எல்லாமே அந்த எழுத்துகளில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். உலகத்தில் பல பாஷைகளிலும் தாய் தகப்பனைக் கூப்பிடும் சொல் இப்படித்தான் இருக்கிறது. குழந்தையின் வாய்க்கு எது வந்ததோ, அதையே பெரியவர்கள் உறவுப் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ர, ள, ழ எல்லாம் வர நாலைந்து வயதாகும். "வாயப்பயம்" என்று பிள்ளை சொன்னால் கவலைப்படாதீர்கள், பெரியவர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம்.

சுமார் 1 வயதில் பொருள் தெரிந்து ஒரு சொல் வரும். சில பிள்ளைக்கு 10 மாதத்தில், சில பிள்ளைக்கு 15 மாதத்தில். ஒன்றரை வயதில் குறைந்தது மூன்று நான்கு சொல்லாவது இருக்க வேண்டும். 'மம்மு', 'டாட்டா', 'உவ்வா' எல்லாம் சொல் கணக்கில் சேரும். 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து போடக் கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து போட வேண்டும். 2 மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை 9 மாதத்தில் 7 மாதப் பிள்ளையைப் போல இருந்தால் அது சரிதான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது காதை

பேச்சு வரவில்லை என்றதும் எல்லோரும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். "நாக்கு ஒட்டியிருக்கு" என்கிறார்கள். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருந்தால் சில குழந்தைகளுக்குப் பால் உறிஞ்சச் சிரமம் ஏற்படலாம், பின்னால் சில எழுத்துகள் சரியாக வராமல் இருக்கலாம். ஆனால் அதனால் மழலையே வராமல் போகாது. முதலில் பார்க்க வேண்டியது காது. பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குக் காது நன்றாகக் கேட்பதில்லை. வேறெந்த ஊனமும் வெளியே தெரியாது. கண்ணுக்கு லட்சணமாக, கொழுகொழுவென்று இருக்கும்.

இதில் தாய்மார்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காது கேளாத குழந்தையும் அழும். முகம் பார்த்துச் சிரிக்கும். 2, 3 மாதத்தில் 'ங்கா' என்றும் சொல்லும். ஏனென்றால் அந்தச் சத்தங்கள் கேட்டுப் பழகி வருபவை அல்ல, தானாக வருபவை. ஆகவே "போன மாசம் நல்லா சத்தம் போட்டானே, காது எப்படிக் கேக்காம இருக்கும்?" என்று வீட்டில் வாதிடுவார்கள். அடுத்த படியில்தான் வித்தியாசம் தெரியும். தன் குரலையும் பிறர் குரலையும் கேட்டால்தான் 'பா-பா', 'மா-மா' உரிய காலத்தில் வரும். கேட்காத பிள்ளைக்கு அது மிகவும் தாமதப்படும், முன்பு வந்த சத்தமும் சிலருக்குக் குறைந்துகொண்டே போகும். 10 மாதம் முடிந்தும் அடுக்கு மழலை வரவில்லை என்றால், மற்றபடி பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் சரி, காதைச் சோதித்தே ஆக வேண்டும்.

காது கேளாத பிள்ளையின் மூளையில் குறை இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாய் தகப்பன் இருவரும் சைகை மொழி பேசும் வீட்டில் வளர்ந்த காது கேளாத குழந்தைகள், மற்றப் பிள்ளைகள் வாயால் மழலை பேசும் அதே வயதில் கை விரல்களால் மழலை பேசுகின்றன என்று 1991-இல் கனடாவில் கண்டறிந்தார்கள். மொழிக்கான ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. வழி கிடைக்காததுதான் பிரச்சினை.

வீட்டில் எப்படிக் கவனிப்பது?

தாம்பாளத்தைத் தட்டிப் பார்ப்பது, கதவைப் படாரென்று சாத்திப் பார்ப்பது எல்லாம் சரியான சோதனை அல்ல. தரை அதிர்வது குழந்தைக்குத் தெரியும். கை வீசும் காற்று முகத்தில் படும். நிழல் அசைவது கண்ணில் படும். மேலும், பாதி கேட்கிற காதுக்குப் பெரிய சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைகள்தான் இப்படி அதிகம் தப்பிப் போகிறார்கள்.

7 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையை ஒருவர் மடியில் வைத்து, முன்னால் ஒரு பொம்மையைக் காட்டட்டும். இன்னொருவர் பின்னால், ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அல்லது காகிதத்தைக் கசக்கலாம், டம்ளருக்குள் ஸ்பூனை லேசாகச் சுழற்றலாம். பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா? இரண்டு பக்கமும் தனித்தனியாக, இரண்டு மூன்று தடவை பாருங்கள். சிறு குழந்தையானால், அழுகிறபோது முகத்தைக் காட்டாமல் குரல் கொடுங்கள். தாயின் குரல் கேட்டுச் சற்றே அடங்க வேண்டும்.

ஒரு விஷயம். தேவாலா, பந்தலூர் பக்கம் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரையில் மழை கொட்டும்போது பெரியவர்களுக்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்தில் பிள்ளையைச் சோதித்துவிட்டுப் பயந்துபோகாதீர்கள். மழை விட்ட நேரத்தில் செய்யுங்கள்.

இந்த வீட்டுச் சோதனையில் பிள்ளை நன்றாகத் திரும்பினாலும், மழலை வரவில்லை என்ற சந்தேகம் உங்கள் மனதில் இருந்தால் கருவி வைத்துச் சோதிப்பதே சரி. தாயின் சந்தேகத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

யாருக்கு அதிக ஜாக்கிரதை வேண்டும்?

பிறந்தவுடன் அழாத குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்ற நேர்ந்த குழந்தை, மூளைக் காய்ச்சல் கண்ட குழந்தை, பிறந்ததும் பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை ஆகியோருக்கு, மழலை வருகிறதா என்று காத்திராமலே காதைச் சோதித்துவிட வேண்டும். அக்காள் மகள், அத்தை மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகளும், குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் உள்ள பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். சொந்தத்தில் செய்த கல்யாணத்தைக் குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை. முடிந்த கல்யாணத்துக்குச் செய்யக்கூடிய நன்மை, பிள்ளையைச் சீக்கிரம் சோதிப்பதுதான்.

கர்ப்பமான முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வந்தால், தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலும் தடிப்பும்தான். வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் காது, கண், இதயம் மூன்றும் கெடலாம். 1941-இல் ஆஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் டாக்டர்தான், கண்புரையுடன் பிறந்த பிள்ளைகளின் தாய்மார்களை விசாரித்து இதை முதலில் கண்டுபிடித்தார். இதைத் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் முகாம் வைத்துப் போடப்பட்டது. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் ஒன்று என இரண்டு தவணை இலவசமாகப் போடப்படுகிறது. இன்று உங்கள் பெண் குழந்தைக்குப் போடும் ஊசி, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையின் காதையும் காக்கிறது. கர்ப்பிணிகள் இந்த ஊசியைப் போடக் கூடாது.

பிறக்கும்போது நன்றாக இருந்த காதும் பின்னால் கெடலாம். நம் மலைப் பகுதியில் மழைக்காலச் சளி, அதைத் தொடர்ந்து காது வலி, சீழ் என்பது சர்வ சாதாரணம். விறகு அடுப்புப் புகை மண்டிய அறையில் கிடக்கும் குழந்தைக்கும், மல்லாக்கப் படுக்க வைத்துப் பாட்டில் பால் புகட்டும் குழந்தைக்கும் இது அதிகம் வரும். காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் ஊற்ற வேண்டாம். ஹேர்பின், கோழி இறகு உள்ளே போகக் கூடாது. சுத்தமான துணியைத் திரியாக உருட்டி வெளியே வடிவதை ஒற்றி எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டவும்.

நாலு பாஷை பேசும் ஊரில்

நம் வட்டாரத்தில் மற்ற மாவட்டத்தாருக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் இங்கே எழுந்தன. அந்த லயங்களில் மலையகத் தமிழ் ஒலிக்கிறது. எருமாடு, அய்யன்கொல்லி பக்கம் மலையாளம். கன்னடம் பேசும் வீடுகளும் இருக்கின்றன. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளில் அவரவர் தாய்மொழி. தாய் ஒரு பாஷை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு பாஷை, அங்கன்வாடியில் இன்னொன்று. "இத்தனை பாஷை காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிப் போய் ஊமையாகிவிடாதா?" என்று கேட்கிறார்கள்.

ஆகாது. இரண்டு பாஷை கேட்டு வளரும் பிள்ளைக்கும் மழலை அதே மாதத்தில்தான் வருகிறது. சொற்களை எண்ணும்போது மட்டும் இரண்டு பாஷைச் சொல்லையும் கூட்டி எண்ண வேண்டும். தமிழில் இரண்டு, மலையாளத்தில் இரண்டு என்றால் அந்தப் பிள்ளைக்கு நாலு சொல் தெரியும். ஆகவே "ரெண்டு பாஷை, அதனால்தான் லேட்டு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காது சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். அதேபோல, பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்று தன் தாய்மொழியை விட்டுவிட்டுத் தெரியாத பாஷையில் பிள்ளையிடம் தட்டுத்தடுமாறிப் பேசவும் வேண்டாம். தாய்க்கு எது சரளமாக வருமோ, எதில் கோபப்படவும் கொஞ்சவும் தெரியுமோ, அதிலேயே பேசட்டும்.

பேசினால்தான் பேச்சு வரும்

குழந்தை 'பா' என்றதும் தாய் உடனே முகம் பார்த்துச் சிரித்து, தொட்டு, பதில் சத்தம் கொடுத்தால், அடுத்து வரும் மழலை இன்னும் தெளிவாகிறது என்று 2003-இல் 8 மாதப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனை காட்டுகிறது. தாயின் சிரிப்பும் தொடுதலும் அதே எண்ணிக்கையில், ஆனால் குழந்தை சத்தம் போட்ட நேரத்தோடு பொருந்தாமல் வந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. அதாவது பேச்சுக்குப் பேச்சு கிடைப்பதுதான் மருந்து. 'இத்துணூண்டு பிள்ளைக்கு என்ன புரியும்' என்று பேசாமலே குளிப்பாட்டி, பேசாமலே பால் கொடுத்துத் தூங்க வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, எடை போட்டு, மாலையில் திரும்பும் தாய்க்குப் பிள்ளையோடு உட்கார நேரம் ஏது என்று கேட்பது நியாயம்தான். தனியாக நேரம் வேண்டாம். துணி மாற்றும்போது, சோறு பிசையும்போது, விறகு அடுக்கும்போது செய்கிற வேலையைச் சொல்லிக்கொண்டே செய்தால் போதும். பிள்ளை சத்தம் போட்டதும் நிறுத்தி, பதில் சொல்லி, மறுபடி அது சத்தம் போடக் காத்திருங்கள். பகல் முழுவதும் பிள்ளையை வைத்திருக்கும் பாட்டியும், பிள்ளைக் காப்பக ஆயாவும் இதையே செய்ய வேண்டும். தகப்பன்மார்களுக்கும் இது பொருந்தும். கொஞ்சினால் கௌரவம் குறையாது.

மொபைல் போன் இந்த இடத்தில் உதவாது. போனில் பாட்டு ஓடும், பிள்ளை அசையாமல் பார்க்கும், நமக்கு வேலை நடக்கும். ஆனால் பிள்ளை 'பா' என்றால் போன் திரும்பிப் பார்த்துச் சிரிக்காது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும், தேன் தடவினால் குரல் இனிக்கும் என்று செய்வது வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, 1 வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைத் தளர வைத்து மூச்சையே நிறுத்திவிடலாம். அபூர்வம்தான், ஆனால் உயிர் விஷயம். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் மணி கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதற்காக மருத்துவச் சோதனை காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்பதும் அப்படியே. ஆண் பிள்ளைகள் சற்றுத் தாமதிப்பது உண்மைதான். அந்தத் தாமதம் சில வாரமோ ஒரு மாதமோ இருக்கும், ஒரு வருஷம் இருக்காது.

காது நன்றாகக் கேட்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், 1 வயதுக்கு மேலும் விரல் நீட்டிக் காட்டாமல் இருக்கும் பிள்ளையையும் காட்ட வேண்டும். வந்த சொல் நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லவும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அந்த நாளை அங்கன்வாடி ஆசிரியையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல் சோதனைக்கு அனுப்புவதும் அவர்களே.

சோதனைக்குப் பயப்பட ஏதுமில்லை. ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பதில்லை. காதில் ஒரு சிறிய முனையை வைத்து மெல்லிய சத்தம் கொடுப்பார்கள். நல்ல காது திருப்பி அனுப்பும் எதிரொலியைக் கருவி பிடித்துக்கொள்ளும். காது இப்படி ஒலியைத் திருப்பித் தருகிறது என்பது 1978-இல்தான் தெரிய வந்தது. இதில் சந்தேகம் வந்தால், தலையில் சிறு ஒட்டுகளை ஒட்டி மூளைக்குச் சத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். பிறந்த குழந்தைக்கும் இவற்றைச் செய்யலாம். 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் கருவி என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. 6 மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்கிய பிள்ளைகள், பின்னால் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட நன்றாக மொழி பேசியதை 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். இன்று தொடங்குவது அடுத்த மாதம் தொடங்குவதைவிட மேல்.

செவித்துணைக் கருவி போதாத குழந்தைகளுக்கு, காதுக்குள் மின் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்டவர்களுக்குச் செய்யப்படுகிறது. வயது ஏற ஏறப் பலன் குறையும் என்பதால் 6 வயது வரை இருக்கிறதே என்று நினைக்காமல் 2, 3 வயதுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அறுவைக்குப் பிறகு தொடர்ந்து பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். கருவியைப் பொருத்திவிட்டுப் பயிற்சிக்குப் போகாவிட்டால் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், பேச்சு வராது.

மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. பந்தலூர்க்காரர்களுக்குக் கூடலூர், முதுமலை, குண்டலுப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய இடம். இதற்கென்றே நாட்டில் அமைந்த பெரிய நிறுவனம் நமக்கு இவ்வளவு கிட்டே இருப்பது அதிர்ஷ்டம்தான். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளதால், திரும்பி வரும் நேரத்தையும் கணக்கிட்டுக் கிளம்பவும்.

போகும்போது தாய் சேய் நல அட்டை, பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைக்குச் சளியோ காதில் சீழோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தை தூங்கினால்தான் சோதனை சரியாக அமையும். ஆகவே வழியில் முடிந்தவரை விளையாட்டுக் காட்டி விழிக்க வைத்திருந்து, அங்கே போய்ச் சீட்டு வாங்கிய பிறகு வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.